பின்பக்கத்தைக் காட்டு: 32 தையல் சாம்பிளும் 14 மாடித்தோட்டப் பைகளும்

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் சென்னையை இரண்டு நாள் ஊறப்போட்டுவிட்டு ஆந்திரப் பக்கம் போனபோது, மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் காயவைக்க வேண்டியவை இரண்டு இருந்தன. ஒன்று, பரணில் ஒழுகிய தண்ணீரில் ஓரம் நனைந்துபோன என்னுடைய பழைய எம்ப்ராய்டரி சாம்பிள் ஃபைல். இன்னொன்று, மொட்டைமாடியில் இருந்த 14 செடிப் பைகள். ஃபைலை ஃபேனுக்கு அடியில் விரித்துவைத்தேன், நாலு நாளில் காய்ந்துவிட்டது. செடிகளும் காய்ந்தன. மண் சொதசொதவென்று ஈரமாக இருக்கும்போதே காய்ந்தன. மூன்று வாரத்துக்குள் ஒன்பது பைகள் காலி.

அந்த ஒன்பது பைகளுக்கு என்ன ஆனது என்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மாடித்தோட்டக் கதையில் எம்ப்ராய்டரி ஃபைலுக்கு என்ன வேலை என்று கேட்டால், செடிகள் செத்ததற்கான காரணத்தில் பாதி, 1996இல் ஒரு துணியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைக்கப்பட்டிருந்தது.

ஃபைல்

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கோடை விடுமுறை. நாகர்கோவிலில் டீச்சர் வீட்டுத் திண்ணையில் காலை பத்து மணிக்கு ஏழெட்டுப் பெண்பிள்ளைகள், துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையமும் ஊசியுமாக உட்கார்ந்திருப்போம். அந்த ஊருக்கும் ஊசி நூலுக்கும் உறவு பழையது. 1819இல் லண்டன் மிஷன் ஊழியராக வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போன பிறகு அங்கேயும் அதே வேலையைத் தொடங்கினார். எங்கள் டீச்சரின் அம்மாவும் ஒரு லேஸ் வகுப்பில் உட்கார்ந்தவர்தான். டீச்சருக்கு லேஸ் பின்னும் பொறுமை இல்லையாம், எம்ப்ராய்டரிக்கு வந்துவிட்டார். எம்ப்ராய்டரிக்குப் பொறுமை வேண்டாம் என்று அவர் நினைத்தது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

எட்டு அங்குலச் சதுரமாக வெட்டிய வெள்ளை கேம்ப்ரிக் துணி. ஒரு துணிக்கு ஒரு தையல். ரன்னிங் ஸ்டிச்சில் ஆரம்பித்து பேக் ஸ்டிச், ஸ்டெம், செயின், லேசி டெய்சி, சாட்டின், ஹெர்ரிங்போன், ஃபெதர், பிரெஞ்ச் நாட், புல்லியன் என்று ஏறிக்கொண்டே போய் 32ஆவதில் கட்ச் வேலையில் முடியும். முடித்த துணியை மைதா பசை தடவி சார்ட் பேப்பரில் ஒட்டி, கீழே பெயரும் தேதியும் எழுதி, ஃபைலில் கோக்க வேண்டும். டிசைனைத் துணியில் இறக்குவது தனிக் கூத்து. டிரேஸ் பேப்பரில் வரைந்து, கோடு முழுக்க ஊசியால் ஓட்டை குத்தி, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் நீலப் பொடியைக் குழைத்துப் பஞ்சில் தொட்டுத் தேய்ப்போம். பேப்பரை எடுத்தால் புள்ளிப் புள்ளியாகப் பூ நிற்கும். அந்த மண்ணெண்ணெய் வாசனை திண்ணையைவிட்டுப் போகவே போகாது.

தைத்து முடித்ததும் காட்டுவோம். டீச்சர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்.

“மக்ளே, பின்பக்கத்தக் காட்டு.”

எத்தனை முடிச்சு, நூல் எங்கிருந்து எங்கே தாவியிருக்கிறது, வால் எங்கே தொங்குகிறது என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பிறகுதான் திருப்புவார். அப்போது எனக்கு அது ஒரு டீச்சரின் கெடுபிடியாகத்தான் தெரிந்தது. பல வருஷம் கழித்து ஊட்டியில் தோடர்களின் புக்கூர் என்கிற எம்ப்ராய்டரி வேலையைப் பக்கத்தில் பார்த்தேன். மங்கலான வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். வளையமும் கிடையாது, வரைந்துகொள்வதும் கிடையாது, துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசி ஓட்டுவார்கள். அதுவும் பின்பக்கத்திலிருந்து. இரண்டு பக்கமும் போர்த்திக்கொள்ளலாம் போல இருக்கும். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கடையில் நின்றுகொண்டு துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது டீச்சர் நினைவுக்கு வந்தார்.

சரி, டிசம்பருக்கு வருகிறேன். நனைந்த சார்ட் பேப்பரிலிருந்து துணிகள் தானாகவே கழன்றுகொண்டன. 27 வருஷம் கழித்து முதல்முறையாக என் தையலின் பின்பக்கங்களைப் பார்த்தேன்.

நாலாவது சாம்பிள், ஸ்டெம் ஸ்டிச். ஒரு கொடி. ஆரம்பத்தில் நூல் பளபளப்பாக இருக்கிறது, நுனிக்குப் போகப் போகப் பஞ்சாகப் பிரிந்திருக்கிறது. காரணம் உடனே தெரிந்தது. ஊசி கோக்கச் சோம்பல்பட்டு இரண்டு கை நீளத்துக்கு நூல் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை துணிக்குள் போய் வரும்போதும் நூல் உராயும், முறுக்கு ஏறும். முழங்கை நீளத்துக்கு மேல் எடுத்தால் கடைசிப் பகுதி இப்படித்தான் நைந்துபோகும்.

பதினொன்றாவது, சாட்டின் ஸ்டிச். இதை மறைத்துவைக்கவே எனக்குப் பிடிக்கும். ஐந்து இதழ் பூ, ஒவ்வொரு இதழும் இரண்டு சென்டிமீட்டர் அகலம். சாட்டினுக்கு அது அதிகம், ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினாலே நூல் தொய்ய ஆரம்பிக்கும். தொய்யக்கூடாதே என்று நான் இழுத்து இழுத்துத் தைத்திருக்கிறேன், அதுவும் ஆறிழை நூலைப் பிரிக்காமல் அப்படியே கோத்து. வளையத்தில் இருக்கும்வரை எல்லாம் அழகாகத்தான் இருந்திருக்கும். கழற்றியதும் துணி தன் இயல்புக்குச் சுருங்கப் பார்க்க, நூல் விடவில்லை. பூவைச் சுற்றிலும் கிழவியின் கன்னம் மாதிரி சுருக்கம். திருப்பினால், டீச்சர் கையெழுத்தில் பென்சிலில் இரண்டே சொல்: “இழுப்பு அதிகம்.” தேதி 9.5.96.

பன்னிரண்டாவதன் பின்னால் “இழுப்பு அதிகம்.” பதினைந்தாவதிலும் அதுதான். பத்தொன்பதில் அவருக்கே அலுத்துப்போய் “இழுப்பு” என்று மட்டும் எழுதியிருந்தார். நான் என்ன செய்தேன் என்பதும் நினைவிருக்கிறது. ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்துச் சுருக்கத்தை மட்டமாக்கி ஃபைலில் ஒட்டினேன். ஒட்டிய பிறகு பின்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

மற்றவை சில்லறைக் குற்றங்கள். 23இல் பெயர் தெரியாத சந்தை நூல் ஒன்றின் சிவப்பு ஊறி, வெள்ளைத் துணி ரோஸாகியிருந்தது. 27இல் குத்தியபடி மறந்த ஊசி, துருவாக ஒரு கோடு விட்டிருந்தது.

பைகள்

இனி மாடி. 2023 ஆடிப் பட்டத்தில் நான் விதைத்தது கத்தரி நாலு பை, தக்காளி மூன்று, மிளகாய் மூன்று, வெண்டை இரண்டு. இது போக முந்தைய வருஷமே வைத்த கறிவேப்பிலை ஒன்று, மல்லிகை ஒன்று. எல்லாமே 15 அங்குலப் பைகள். கலவை, செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய மாட்டு எரு ஒரு பங்கு. தண்ணீர் நன்றாக வடியட்டும் என்று ஒவ்வொரு பையின் அடியிலும் இரண்டு அங்குலத்துக்கு ஓட்டுச் சில்லு. அதற்கு மேல் கலவையைக் கொட்டி, டிபன் பாக்ஸில் சாதத்தை அமுக்குகிற மாதிரி உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி நிரப்பினேன். ஒரு பைக்கு எவ்வளவு மண் கொள்ளுமோ அவ்வளவும் போக வேண்டும் என்ற ஆசை. செடி ஆடாமல் நிற்க வேண்டுமே என்று தண்டைச் சுற்றி இன்னொரு அழுத்து.

ஐப்பசி வரை குறை ஒன்றுமில்லை. கத்தரி காய்த்தது. புயல் போன மூன்றாம் நாள் வெயில் அடித்தது, அன்று மத்தியானமே இலைகள் தொங்கிவிட்டன. துணி எடுக்க வந்த மேல் வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “என்னம்மா, தண்ணி ஊத்தலியா? வாடிக் கெடக்கு பாரு” என்றார். நானும் ஊற்றினேன். புயல் மழையில் இரண்டு நாள் மிதந்த பையில் போய்த் தண்ணீர் ஊற்றிய புத்திசாலி நான்தான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இலைகள் கொஞ்சம் நிமிர்ந்தன, தண்ணீர் வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மறுபடி தொங்கின. ஒரு வாரம் கழித்து இலை மஞ்சளானதும் சத்துக் குறைபாடு என்று மீன் அமிலம் கலந்து ஊற்றினேன். அதன் பிறகு வேகமாகவே போய்ச் சேர்ந்தன. தக்காளி மூன்றும், கத்தரி மூன்றும், மிளகாய் இரண்டும், வெண்டை ஒன்றும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செத்த கத்தரிப் பை ஒன்றைத் தூக்கப் போனேன், தூக்க முடியவில்லை. சாக்குமேல் சாய்த்து, பையைக் கத்தரியால் நெடுக வெட்டித் திறந்தேன். முதலில் வந்தது நாற்றம், அடைத்துக்கொண்ட சாக்கடை நாற்றம். மேல் நாலைந்து அங்குலம் செங்கல் மாதிரி இறுகியிருந்தது. அதற்குக் கீழே ஈரக் களி. கடைசி ஐந்து அங்குலம் கன்னங்கரேலென்று இருந்தது. ஓட்டுச் சில்லுக்கு மேலேதான் அந்தக் கறுப்பு மிக அதிகம், சில்லுகளுக்கு நடுவே அவ்வளவு தண்ணீர்கூட இல்லை. வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் பழுப்புத் தோல் முழுவதும் விரலோடு உருவிக்கொண்டு வந்தது, நடுவே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். நல்ல வேர் வெள்ளையாக, பிடித்தால் நொறுங்குகிற மாதிரி இருக்கும். அழுகிய வேரின் அடையாளம் இந்த உருவிக்கொள்கிற தோல்தான்.

இங்கேதான் நான் பல வருஷமாக நம்பிவந்த ஒன்று தப்பு என்று புரிந்தது. அடியில் ஓட்டுச் சில்லு போட்டால் தண்ணீர் வடியும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. நடப்பது வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளிகள் உள்ள சில்லுக்குள் லேசில் இறங்காது. மண் துகள்கள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மேலே உள்ள மண் முழுக்க நனைந்து, இனித் தாங்காது என்ற நிலை வந்தால்தான் சொட்டும். அதாவது சில்லுக்கு மேலே எப்போதும் ஒரு ஈரப் படுகை உட்கார்ந்திருக்கும். அந்தப் படுகையின் உயரம் மண் எவ்வளவு நுணுக்கம் என்பதைப் பொறுத்தது, பை எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்ததல்ல. அடியில் இரண்டு அங்குலம் சில்லு போட்டு நான் செய்தது, ஈரப் படுகையை இரண்டு அங்குலம் மேலே, வேருக்குப் பக்கத்தில் தூக்கிவைத்ததுதான். கையால் அமுக்கியதில் மண்ணின் இடைவெளிகள் இன்னும் சிறுத்து, படுகை இன்னும் உயர்ந்தது.

நம்பாதவர்கள் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் முக்கி, படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டும், பிறகு நிற்கும். சொட்டு நின்ற பிறகு அதை அப்படியே செங்குத்தாகத் திருப்பிப் பிடியுங்கள். பிழியவே வேண்டாம், மறுபடி தண்ணீர் கொட்டும். அதே ஸ்பாஞ்ச், அதே தண்ணீர், உயரம் மட்டும்தான் மாறியது. குட்டையான தொட்டியில் செடி ஏன் சீக்கிரம் அழுகுகிறது என்பதை எனக்குச் சொன்னது இந்த ஸ்பாஞ்ச்தான்.

ஈர மண்ணில் செடி ஏன் வாட வேண்டும்? வேர் தண்ணீரை உறிஞ்ச உழைக்க வேண்டும், உழைக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிட 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் தண்ணீரில் பரவும். மண்ணின் இடைவெளியெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுமுட்டிச் செயலிழக்கும். தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டு செடி தாகத்தில் சாகும். வெளியே தெரிவது, தண்ணீர் இல்லாமல் வாடும் செடிக்குத் தெரிகிற அதே தொங்கிய இலை. இலையை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பழி முழுவதையும் தண்ணீர்மேல் போடவும் கூடாது. வேறு காரணம் இருக்குமா என்றும் பார்த்தேன். செத்த செடிகளின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெட்டு வாய் தண்ணீருக்குள் இருக்கும்படி தொங்கவிட்டேன். எட்டு சும்மா இருந்தன. ஒரு தக்காளித் தண்டிலிருந்து மட்டும் ஐந்து நிமிஷத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று கீழே இறங்கியது. அது பாக்டீரியா வாடல் நோய். அந்தத் தக்காளி என் கணக்கில் வராது, அந்த மண்ணையும் வேறு பைகளில் சேர்க்காமல் தனியாக மூட்டை கட்டிப் போட்டுவிட்டேன். அடுத்தது உப்பு. எங்கள் போர்த் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, கோடையில் 1,600 வரை போகும், பையின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். ஆனால் இரண்டு நாள் புயல் மழை அந்த உப்பை நீர்த்துப்போகச் செய்திருக்கும், டிசம்பர் சாவுக்கு அது காரணமாக முடியாது. மே மாதத்தில் இலையோரம் கருகுவதற்கு வேண்டுமானால் உப்பைச் சொல்லலாம்.

பிழைத்த ஐந்தையும் பார்த்தேன். கறிவேப்பிலையும் மல்லிகையும் பழைய இரும்பு ஸ்டாண்டில் இருந்தவை, அடி ஓட்டைகள் திறந்திருந்தன. மற்ற பைகள் தளத்தின் ஓட்டில் சப்பென்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. அடியில் நாலு ஓட்டை இருந்தும் நாலுமே அடைப்பு. மிச்ச மூன்று ஏன் பிழைத்தன என்பதற்கு அவை தளச் சரிவின் மேட்டுப் பக்கம் இருந்தன என்பதைத் தவிர என்னிடம் வேறு விளக்கம் இல்லை.

அன்று ராத்திரி கை கழுவியும் விரலில் நாற்றம் போகவில்லை. மேஜைமேல் பதினொன்றாவது சாம்பிள் குப்புறக் கிடந்தது. நூலை இழுத்த அதே கைதான் மண்ணையும் அமுக்கியிருக்கிறது. இழுப்பு அதிகம்.

அமுக்கினதும் மிதிச்சதும்

2024 மாசியில் எல்லாப் பைகளையும் கொட்டி, புதிதாகக் கலந்தேன். செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கருக்கிய உமி அரைப் பங்கு. தாத்தா பல் தேய்த்த அதே உமிக்கரிதான், இப்போது செடிக்காக மூட்டையாக வாங்குகிறேன். ஓட்டுச் சில்லைப் பொறுக்கி எடுத்து மாடிப்படிக்குக் கீழே போட்டேன், கொசுவலைத் துண்டு ஒன்றை மட்டும் அடி ஓட்டைமேல் வைத்தேன். ஒவ்வொரு பையும் இரண்டு செங்கல்மேல். அமுக்குவது கிடையாது. நிரப்பியதும் பையை இரண்டு தடவை தரையில் தட்டி, தண்ணீர் ஊற்றினால் மண் தானாகப் படியும். படிந்து நாலு விரல் இறங்கினால் அந்த இடத்துக்குக் கலவை போட்டுக்கொள்ளலாம்.

நார்க்கழிவைக் கழுவாமல் போடக்கூடாது. ஐந்து கிலோ கட்டி ஒன்றைப் பெரிய டப்பில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கேக் மாதிரி உப்பிக்கொண்டு வரும், டப்பே போதாது. பிழிந்தால் வருகிற தண்ணீர் காப்பி டிகாஷன் நிறம். அதில் உப்பு இருக்கும். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினேன், கடைசித் தண்ணீர் வெறும் டீ நிறத்துக்கு வந்தது, நிறுத்திவிட்டேன்.

மே மாதம் ஊருக்குப் போனபோது ஃபைலையும் எடுத்துக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார், கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. துணியைக் கையில் கொடுத்ததும் கண்ணாடியைத் தேடவில்லை. திருப்பி, கட்டைவிரலால் தடவினார். பதினொன்றாவது என்று நான் சொல்லவேயில்லை.

“நீ அப்பமே இப்படித்தான மக்ளே. நூல இழுக்கதுக்கே ஒனக்கு நேரம் போவும்.”

செத்த செடிகளின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “நட்ட பொறவு மண்ண மிதிச்சியா?” என்றார்.

“மிதிக்கல டீச்சர். கையால அமுக்கினேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான். காப்பி குடி, ஆறிரும்.”

மூன்று நாள் ஊரில் இருந்தேன். அக்னி நட்சத்திரம். திரும்பி வந்தால் மிளகாய் இரண்டு பை சருகாகியிருந்தது. புதுக் கலவையின் குறை அது. நார்க்கழிவு கூடின மண், கறுப்புப் பை, சென்னை வெயில், மூன்றும் சேர்ந்தால் காலை ஊற்றின தண்ணீர் சாயங்காலத்துக்கு வராது. இப்போது கோடையில் 50 சதவீத நிழல்வலையும், மண்மேல் இரண்டு விரல் கனத்துக்குச் சருகும் போடுகிறேன். ஊருக்குப் போனால் மேல் வீட்டு அக்காதான் ஊற்றுகிறார். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் விரல் விட்டாரா என்று நான் விசாரிப்பதில்லை.

அந்த ஆடியில் ஒரு சோதனையும் செய்தேன். நாலு கத்தரிப் பைகளில் இரண்டை வேண்டுமென்றே பழைய மாதிரி நிரப்பினேன், ஓட்டுச் சில்லு, செம்மண், அமுக்கல், தரையில் சப்பென்று. இரண்டு புது மாதிரி. நாலும் ஒரே நாள் நாற்று, பக்கத்தில் பக்கத்தில். அக்டோபர் நடுவில் சென்னையில் ஒரு பெருமழை, நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் புயல். பரீட்சை வைக்க வானம் குறை வைக்கவில்லை.

புதுப் பைகள் இரண்டும் நின்றன. ஒன்றில் காய்ப்புழு வந்து பாதிக் காயைத் தின்றது, அது வேறு வழக்கு. பொங்கலுக்குள் இரண்டிலும் சேர்த்து மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல் பறித்தேன். பழைய மாதிரிப் பைகளில் ஒன்று டிசம்பர் இரண்டாம் வாரம் போய்விட்டது, அதே நாற்றம், அதே உருவிய வேர். இன்னொன்று சாகவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. பையைத் தூக்கிப் பார்த்தால் பக்கவாட்டுத் தையல் அடியிலிருந்து ஒரு சாண் விட்டிருந்தது, தண்ணீர் அந்த வழியாக ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. தையல் பிரிந்ததால் ஒரு உயிர் பிழைத்தது. டீச்சரிடம் இதைச் சொல்லவில்லை. நாலு பையை வைத்துப் பெரிதாக எதுவும் நிரூபித்துவிட முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் 2023இல் 14க்கு ஒன்பது, நோய்த் தக்காளியை விட்டால் எட்டு. 2024 மழையில் அந்தச் சோதனைப் பையையும் சேர்த்து 14க்கு இரண்டு. எனக்கு அது போதும்.

இப்போது ஒவ்வொரு பைக்கும் எண் போட்டிருக்கிறேன். பழைய சாம்பிள் ஃபைல் மாதிரியே ஒரு நோட்டில் கலவை, நட்ட தேதி, செத்தால் செத்த தேதி, வேரின் நிறம். நன்றாகக் காய்த்த செடியையும் பருவம் முடிந்ததும் கொட்டி வேரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அப்படிப் பார்த்ததில்தான் நன்றாக இருந்த வெண்டைக்கும் அடி வேர் கொஞ்சம் பழுப்பாக இருந்தது தெரிந்தது. இன்னொரு வாரம் மழை பெய்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

துணிகளை என்ன செய்தேன்

சார்ட் பேப்பரில் மறுபடி ஒட்டவில்லை. மைதா பசைக்கு ராமபாணப் பூச்சி வந்து, ஆறு துணிகளின் ஓரத்தைச் சல்லடையாக்கியிருந்தது. பேப்பரின் பழுப்பும் துணியில் இறங்கியிருந்தது. சுத்தமான வெள்ளைப் பஞ்சை நனைத்து ஒவ்வொரு நிறத்தின்மேலும் வைத்து அழுத்திப் பார்த்தேன். சாயம் ஒட்டாதவற்றை மட்டும் பச்சைத் தண்ணீரில் அலசினேன். வெயிலில் போடாமல், டர்க்கி டவல்மேல் குப்புறப் போட்டுக் காயவைத்து, பின்பக்கமாக லேசாக இஸ்திரி. முன்பக்கம் இஸ்திரி போட்டால் பிரெஞ்ச் நாட் எல்லாம் சப்பையாகிவிடும். சாயம் போகிற 23ஐத் தண்ணீர் காட்டாமல் அப்படியே விட்டேன். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று பலர் சொன்னார்கள். ஒரு நூல் துண்டை வைத்துச் செய்து பார்த்தேன், நிற்கவில்லை. எல்லாவற்றையும் அப்பாவின் துவைத்த பழைய வேட்டியில் சுற்றி, ஒரு வசம்புத் துண்டைத் தனியாகத் துணியில் முடிந்து கூடவே வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கவர் கிடையாது. பரணும் கிடையாது.

பதினொன்றாவதன் சுருக்கத்தை இஸ்திரி போட்டு எடுக்க முயலவில்லை. பென்சில் எழுத்து போய்விடும் என்பதால் அதைத் தண்ணீரிலும் முக்கவில்லை.

இப்போது 33ஆவது வளையத்தில் இருக்கிறது. கத்தரிப் பூ. ஊதா இதழுக்கு லாங் அண்ட் ஷார்ட், நடுவில் மஞ்சளுக்குப் புல்லியன் நாட், ஆறிழையைப் பிரித்து இரண்டிழை, முழங்கை நீளம். துணியை வளையத்தில் தட்டினால் சத்தம் வருகிற அளவுக்கு இறுக்கிவிட்டு, நூலைத் துணிமேல் வந்து படிகிற வரை மட்டும் விடுகிறேன். மூன்று இதழ் முடிந்திருக்கிறது. இரண்டாவது இதழில் ஒரு இடத்தில் கை தன் வேலையைக் காட்டியிருக்கிறது, பின்பக்கம் பார்த்தால் தெரியும். காம்புக்கு வேண்டிய பச்சை தீர்ந்துவிட்டது, தி.நகர் போக வேண்டும்.